ஐட்லிங் ஏறினால் ஸ்க்ரூவைத் தொடாதே



சென்ற மாதம் கூட்டுப் பிரார்த்தனை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "சமயப் பாடம் எழுத நிறைய பேர் இருக்காங்க, நீங்க வண்டியப் பத்தி எழுதுங்கண்ணே" என்று பொறுப்பாளர் சொன்னார். லூனாஸில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு மேடைப் பேச்சு வராது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டறைக்கு வந்த ஒரு பழைய பிக்-அப்பையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

வண்டிக்காரத் தம்பி பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டியவர். இப்போது அங்கே பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. கூட்டாளிகள் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறிப் போக, இவர் மட்டும் புல் வெட்டும் குத்தகை எடுத்துச் சொந்தக் காலில் நிற்கிறார். அந்த வண்டிதான் அவருக்குச் சோறு. 1980களில் வந்த ஜப்பான் பிக்-அப், நாலு சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சின்.

"அண்ணே, சிக்னல்ல நின்னா வண்டி முழுக்க ஆடுது. கால எடுத்தாலும் எஞ்சின் கத்துது. மூணு எடத்துல காட்டிட்டேன். பிளக் மாத்தினேன், ஒயர் மாத்தினேன், கார்புரேட்டர கழட்டிக் கழுவினாங்க. நானூறு வெள்ளிக்கு மேல போச்சு."

"கத்துறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"அப்போ நின்னா ஆஃப் ஆயிரும்ணே. ஒருத்தரு ஸ்க்ரூவத் திருகி விட்டாரு. அதுக்கப்புறம் ஆஃப் ஆகல."

இந்தப் பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. முதலில் வந்தது நடுக்கம். உயர்ந்த ஓட்டம் அந்த நடுக்கத்தை மறைக்க ஒருவர் போட்ட போர்வை. வண்டி கொண்டு வருபவரிடம் "என்ன கோளாறு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எது முதலில் வந்தது, அதற்குப் பிறகு யார் எதைத் தொட்டார்கள்?" என்று கேளுங்கள். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவருக்குச் சொன்ன வரிசையும் இதுதான்: நோய், பிறகு அதன் காரணம், பிறகு தீர்க்கும் வழி. நம் ஆட்கள் பலர் மூன்றாவதில் தொடங்குகிறார்கள், அதுவும் அடுத்தவர் காசில்.

ஐட்லிங் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டருக்குள் இருக்கும் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். எஞ்சின் மூச்சு இழுக்கப் பார்க்கும், வாசல் மூடியிருக்கும். அதனால் தகட்டுக்குக் கீழே உள்ள குழாயில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிட மிகவும் குறைந்துவிடும். இதைத்தான் வெக்குவம் என்கிறோம். பெட்ரோல் நன்றாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டர் வழியாக வரும் காற்றுக்குத்தான் அது பெட்ரோலை அளந்து கொடுக்கும். பக்கத்தில் ஓர் ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்று நுழைந்தால் அதற்குப் பெட்ரோல் கிடைக்காது. கலவை மெலிந்து, சிலிண்டர்கள் சில தடவை பற்றும், சில தடவை பற்றாமல் விடும். அதுதான் நடுக்கம்.

அப்படியானால் ரோட்டில் ஓடும்போது ஏன் தெரிவதில்லை? பெடலை மிதித்ததும் தகடு அகலத் திறந்து நிறையக் காற்று முறையாக வருகிறது, வெக்குவமும் குறைகிறது. ஓட்டை வழியாக வருவது அப்போது ஒரு பொருட்டே இல்லை. நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது நன்றாக இருந்தால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். மேடு ஏறும்போதும் இடித்தால் பிளக், ஒயர், வால்வு என்று வேறு பக்கம் போக வேண்டும். இந்தத் தம்பியின் வண்டி மேட்டில் சுமையோடு ஒழுங்காக ஏறியது. அதைக் கேட்டிருந்தாலே பிளக் காசு மிஞ்சியிருக்கும்.

இனி என்ன செய்தேன் என்று சொல்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டேன். குளிர்ந்த எஞ்சின் கொஞ்சம் உயர்வாக ஓடுவது சோக்கின் வேலை, அது கோளாறில்லை. சூடான பிறகும் சோக் தகடு நிமிர்ந்து திறக்காவிட்டால்தான் கோளாறு. இதில் திறந்திருந்தது. அடுத்து எண்ணெய்க் கேபிள். கையால் இழுத்து விட்டேன், ஸ்பிரிங் தகட்டை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தது. ஒரு தடவை கால்மிதி விரிப்பு பெடலில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு அரை நாள் கார்புரேட்டரைக் குடைந்தவன் நான். அதனால் இப்போதெல்லாம் முதலில் விரிப்பைத்தான் பார்ப்பது.

பிறகு வெக்குவம் மீட்டர். விலை அதிகமில்லாத சாமான், ஆனாலும் பல பட்டறைகளில் கிடையாது. நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும், முள் அசையாமல் நிற்கும். இதில் 12க்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கசிவு உறுதி என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இக்னிஷன் டைமிங் தாமதமாக இருந்தாலும் முள் இறங்கும். டைமிங் லைட் பிடித்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

கசிவைக் கண்டுபிடிக்கப் பழைய போர்மன்கள் ஓடும் எஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளிப்பார்கள். ஓட்டம் மாறினால் அங்கே ஓட்டை. தம்பிகளே, தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் சூடான மப்ளர் குழாய் இருக்கிறது, பிளக் ஒயரில் தீப்பொறி இருக்கிறது. கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயும் அதே மாதிரி பற்றக்கூடியதுதான். பூச்செடிக்கு அடிக்கும் பாட்டிலில் சவர்க்காரத் தண்ணீர் போதும். கார்புரேட்டர் அடிப் பேக்கிங், குழாய் சேருமிடம் எல்லாம் அடித்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

மிச்சம் ரப்பர் ஹோஸ்கள். இவை நம் ஊர் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் முறுக்கு மாதிரி ஆகிவிடும். தோட்டத்தில் நிற்கும் வண்டி என்றால் எலிக் கடியையும் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களில் பெட்டி கட்டி ஆந்தைக்கு இடம் கொடுப்பதே எலிக்காகத்தானே. ஒவ்வொரு ஹோஸாகத் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக அழுத்தி மூடினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது, மாற்றமில்லை. வால்வு கவரிலிருந்து வருவது, கொஞ்சம் இறங்கியது, அது இயல்பு. கடைசியில் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ். மூடியதும் நடுக்கம் நின்றுவிட்டது. எஞ்சின் கத்தல் மட்டும் தொடர்ந்தது. அது யாரோ திருகிய ஸ்க்ரூவின் கத்தல்.

தம்பி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிரேக் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கட்டியா இருக்கும்ணே. பழைய வண்டிதானே."

பூஸ்டர் என்பது பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் பெரிய தகரச் சட்டி. உள்ளே ரப்பர் விரிப்பு ஒன்று இரண்டாகப் பிரிக்கும். இரு பக்கமும் வெக்குவம் இருக்கும். பெடலை மிதித்தால் ஒரு பக்கம் வெளிக்காற்று புகுந்து விரிப்பைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் நம் காலுக்குத் துணை. விரிப்பு கிழிந்தால் இரண்டு தீமை ஒன்றாக வரும்: எஞ்சினுக்குத் திருட்டுக் காற்று, காலுக்குத் துணையில்லை. பிரேக் அடியோடு போய்விடாது, ஆனால் பல மடங்கு அழுத்தி மிதித்தால்தான் வண்டி நிற்கும். அதற்கு மேல் கத்திக்கொண்டிருக்கும் எஞ்சின் வேறு வண்டியை முன்னால் தள்ளுகிறது.

அப்புறம்தான் அவர் சொன்னார், தைப்பூசத்துக்கு முதல் நாள் தோட்டத்துக் கோயிலிலிருந்து அரிசி மூட்டை, அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணிய தேவஸ்தானத்துப் பக்கம் போடும் தண்ணீர்ப் பந்தலுக்குப் போக வேண்டும் என்று. நிறைந்த பீப்பாய் ஒன்று 200 லிட்டர், அதாவது 200 கிலோ. மூன்று பீப்பாய் என்றால் ஒன்பது பத்துப் பேரை ஏற்றியது மாதிரி. காவடிக் கூட்டம் நடக்கும் ரோட்டில், இந்தப் பிரேக்கோடு.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, ஒரு நிமிடம்கூட ஆகாது. எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டி உருளாதபடி ஹேண்ட்பிரேக் போட்டு, பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பெடல் கட்டியாகும். அப்படியே மிதித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. கல் மாதிரி நின்றால் செய்யவில்லை. தம்பியையே உட்கார வைத்துச் செய்யச் சொன்னேன். பெடல் இறங்கவே இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக் கேட்டபோது பாம்பு சீறுவது போலச் சத்தம்.

பூஸ்டரை மாற்றினால் வேலை முடிந்ததா? இல்லை. இது ஏன் கிழிந்தது? பிரேக் எண்ணெய்ப் பாட்டில் அடிக்கடி குறைகிறதா என்று கேட்டேன். மாதா மாதம் கொஞ்சம் ஊற்றுவதாகச் சொன்னார். நாலு சக்கரத்திலும் ஈரமில்லை, தரையிலும் சொட்டில்லை. எண்ணெய் எங்கே போகிறது? மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். அதன் பின்பக்க சீல் தேய்ந்து, எண்ணெய் பூஸ்டருக்குள்ளேயே வடிந்து தேங்கியிருந்தது. அந்த எண்ணெயில் ஊறித்தான் ரப்பர் விரிப்பு கெட்டிருக்கிறது. ஆக, ஐட்லிங் கோளாறுக்குக் காரணம் பூஸ்டர், பூஸ்டருக்குக் காரணம் ஒரு சின்ன சீல். கார்புரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பழைய சாமான் கடையில் மலிவாக பூஸ்டர் கிடைக்குமே என்றார். கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் அங்கே வாங்கலாம், நானும் வாங்குகிறேன். பிரேக் சாமான் மட்டும் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் புதிதாகப் போட்டோம். கூலியை இரண்டு தவணையாகக் கொடுத்தார், அது எங்களுக்குள். பூஸ்டர் மாற்றுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: உள்ளிருந்து வரும் தள்ளுகம்பிக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளி வேண்டும். கம்பி முட்டிக்கொண்டிருந்தால் பிரேக் விடாமல் பிடித்துச் சூடேறும். கடைசியில் நாலு சக்கரத்திலும் காற்று எடுத்துப் புது எண்ணெய் ஊற்றினோம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது.

அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட்டேன். வேகத்தைக் குறைத்து, கலவை ஸ்க்ரூவை எஞ்சின் மிக மென்மையாக ஓடும் இடத்தில் நிறுத்தி, மறுபடி வேகத்தைச் சரிசெய்தேன். மீட்டர் 750ல் நின்றது. வெக்குவம் முள் 18ல் அசையாமல் இருந்தது. எஞ்சின் மேல் வைத்த தண்ணீர்க் குவளையில் அலைகூடப் பெரிதாக இல்லை.

உங்கள் வண்டி டீசல் என்றால் கதை வேறு. பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களில் வெக்குவத்துக்குத் தனி பம்ப் இருக்கும், பழைய ஹைலக்ஸ் டீசலில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அங்கே பூஸ்டர் கிழிந்தால் ஐட்லிங் காட்டிக்கொடுக்காது, பெடல் மட்டும்தான் சொல்லும். ஐட்லிங் உயர்ந்தால் கேபிள், ஏர்கோன் போட்டால் ஓட்டத்தை ஏற்றும் கருவி, டீசல் பம்ப் இவற்றைப் பாருங்கள். இன்ஜெக்ஷன் வைத்த பெட்ரோல் வண்டியில் ஐட்லிங்கைக் கம்ப்யூட்டரே ஒரு சின்ன வால்வால் கட்டுப்படுத்துகிறது. அது கரி பிடித்துச் சிக்கிக்கொள்வது உண்டு. ஆனாலும் ஹோஸை மூடிப் பார்க்கும் சோதனை அங்கேயும் உதவும்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். ஆயுத பூசையன்று ஸ்பேனருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், டயருக்கு அடியில் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்குகிறோம். மறுநாள் அதே ஸ்பேனர் சேற்றில் கிடக்கும். கூலிமில் இனோகோம், குருணில் மொடெனாஸ் என்று வண்டிகள் பூட்டுகிற மாநிலம் நம்முடையது. இந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும். பட்டறையில் கையால் கற்றவர்கள், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தைக் காட்டி எஸ்.கே.எம். சான்றிதழ் பெறும் வழியும் உண்டு, பி.பி.தி. என்பார்கள். இந்தத் தம்பிக்குக் கை நன்றாக வருகிறது. புல் வெட்டு இல்லாத நாட்களில் பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் வந்தார். பின்னால் காலிப் பீப்பாய்கள் உருண்டு சத்தம் போட்டன. இலையில் மடித்த விபூதியும் கொஞ்சம் பஞ்சாமிர்தமும் கொடுத்துவிட்டு, "சிக்னல்ல நின்னா எஞ்சின் ஓடுதா இல்லையான்னே தெரியலண்ணே" என்றார்.

அடுத்த ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் வாசலில் எல்லார் வண்டிக்கும் அந்தப் பெடல் சோதனையைச் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறோம். பைக்கில் வருபவர்கள் அப்பாவின் வண்டியைக் கேட்டு எடுத்து வாருங்கள்.