காரில் ஸ்டீரியோ பொருத்துதல்: மூன்று கம்பிகளின் பாடம்

நம் விடுதியில் ஆராய்ச்சி மாணவராக உள்ள அண்ணன் ஒருவர் சென்ற ஆண்டு பழைய கார் ஒன்றை வாங்கினார். அதிலிருந்த ரேடியோ ஊமையாகிக் கிடந்தது. புதிய ஸ்டீரியோ ஒன்றை வாங்கி வந்து, "நீ மின்னியல் படிக்கிறவன்தானே, மாட்டிக் கொடு தம்பி" என்று என்னிடம் தந்தார். கடைக்காரர் "பீலா, லால், காலா" என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டி அனுப்பியிருந்தார். மஞ்சள், சிவப்பு, கறுப்பு; இதில் என்ன கடினம் என்று நானும் துணிந்தேன். மஞ்சளும் சிவப்பும் 12 வோல்ட்தானே கேட்கின்றன என்று எண்ணி, இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கிப் பாட்டரியிலிருந்து வரும் கம்பியில் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்டீரியோ பாடியது. ஒலியைக் குறைத்து, சாவியை எடுத்துக்கொண்டு வந்தோம்.

ஞாயிறு விடியற்காலை, ஊரிலிருந்து வரும் தம் தாயாரை அழைத்துவரப் புறப்பட்ட அண்ணனுக்குக் கார் கிளம்பவில்லை. மொழி தெரியாத அந்த அம்மா ரயில் நிலையத்தில் இரண்டு மணி நேரம் பெட்டியின் மேல் அமர்ந்து காத்திருந்தார். என் பிழை எதுவென்று பிறகு தெரிந்தது. காரில் கைவைக்க எண்ணும் அன்பர்களுக்கு அது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில், நேர்மின் கம்பிகள் ஏன் இரண்டு? மஞ்சள் கம்பி பாட்டரியோடு எப்போதும் இணைந்திருக்க வேண்டியது. கடிகாரமும் நாம் குறித்துவைத்த நிலையங்களும் மறந்துபோகாமல் காப்பது அதுவே; பாடும்போது பெருமளவு மின்சாரம் வருவதும் அதன் வழியேதான். சிவப்புக் கம்பி சாவியின் வழியாக வரவேண்டியது. "விழித்துக்கொள்" என்று ஸ்டீரியோவுக்குச் சொல்வதே அதன் வேலை. கறுப்பு, மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. அதைக் காரின் இரும்பு உடலோடு சேர்க்கிறோம். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக்கினால், சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ உறங்குவதில்லை.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். உறங்கும் ஸ்டீரியோ 5 மில்லி ஆம்பியர் இழுத்தால், பாட்டரி தீர 7,000 மணி நேரம் ஆகும். விழித்திருக்கும் ஸ்டீரியோ 1 ஆம்பியர் இழுத்தால், 35 மணி நேரமே. வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து ஞாயிறு காலை ஐந்து மணி வரை எண்ணிப் பாருங்கள்! எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேலும் தேவைப்படுவதால், பாட்டரி முழுதும் தீருமுன்பே கார் படுத்துவிடும்.

அடுத்தது, நிறத்தை நம்பலாமா? ஸ்டீரியோவின் பக்கம் பெரும்பாலும் நம்பலாம். காரின் பக்கம் நம்பலாகாது. நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகையால் மல்டிமீட்டர் வேண்டும். கறுப்பு முனையைக் காரின் இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் ஸ்டீரியோவுக்கு வரும் கம்பிகளைத் தொடுக. சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு உரியது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் 12 காட்டி, எடுத்ததும் சுழியாவது சிவப்புக்கு உரியது. காருக்கு ஏற்ற கப்ளர் கடையில் கிடைத்தால், கம்பியை வெட்டவே தேவையில்லை. ஆனால் அதிலும் சோதித்தே செருகுக. சில ஐரோப்பியக் கார்களில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முகப்புப் பலகைக்குள் மஞ்சள் உறையிட்ட வேறு கம்பிகள் தென்படலாம். அவை ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை மீட்டராலும் தொடலாகாது.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுக. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் இரும்பில் பட்டதும் தீப்பொறி பறக்கும். அளந்து பார்க்கும் நேரத்துக்கு மட்டும் எதிர்முனையைத் திரும்ப மாட்டி, கம்பிகளின் நுனிகள் ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வையுங்கள். அளந்ததும் மீண்டும் கழற்றிவிட்டு இணைப்புகளைச் செய்க. வெறுமனே முறுக்கிய இணைப்பு காரின் குலுக்கலில் தளர்ந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே டேப்பால் சுற்றுவது நலம்.

ஒலிபெருக்கிகளுக்கு வெள்ளை முன் இடம், சாம்பல் முன் வலம், பச்சை பின் இடம், ஊதா பின் வலம். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு உள்ளது எதிர்க்கம்பி. பழைய ரேடியோக்கள் பலவற்றில் எதிர்க்கம்பியைக் காரின் உடலோடு சேர்ப்பது வழக்கம். இன்றைய ஸ்டீரியோவில் அப்படிச் செய்யலாகாது. அதன் இரு கம்பிகளிலுமே பாட்டரி மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி நிற்கிறது. ஒன்றை இரும்போடு சேர்த்தால் உள்ளிருக்கும் பெருக்கி பழுதாகலாம்.

கடைசியாக, ஃப்யூஸ். ஸ்டீரியோவின் முதுகில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருக்கும். அது போனால் சிலர் 30 ஆம்பியர் போடுகிறார்கள்; வேறு சிலர் செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அப்போது மின்சாரம் மிகுந்தால் ஃப்யூஸ் உருகுவதற்குப் பதிலாகக் கம்பியே சூடேறும். கார் தீப்பற்றுவது அப்படித்தான். ஃப்யூஸ் போனால் காரணத்தைத் தேடிச் சரிசெய்துவிட்டு, அதே அளவுள்ள ஃப்யூஸைப் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், எதிர்முனையை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பாடுகிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். சாவியை எடுத்ததும் அணைகிறதா, மறுபடி திருப்பும்போது கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பது மறு பாதி. நான் அன்று முதற்பாதியோடு நின்றுவிட்டேன்.

பின்னர் ஒரு மாலை கம்பிகளைப் பிரித்து, மீட்டர் வைத்து அளந்து, முறையாக இணைத்தேன். தாயார் ஊர் திரும்பிய விடியற்காலையில் கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மா, "இதுவா தம்பி அன்றைக்கு மக்கர் பண்ணியது?" என்று என்னைக் கேட்டார். "இது இல்லை அம்மா, நான்தான்" என்றேன்.