மின்கம்பிகளைப் பற்றாசு வைத்து இணைக்கும் முறை

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகின்றவரின் வேலையைக் கூர்ந்து நோக்கியவர்கள் ஒன்றை அறிந்திருப்பர். அவர் ஈயத்தை உருக்கிப் பாத்திரத்தில் ஊற்றுவதில்லை. பாத்திரத்தைக் கரி நெருப்பின்மீது வைத்துத் துருத்தியால் ஊதிச் சூடேற்றுகிறார்; நவச்சாரப் பொடியைத் தூவுகிறார்; அதன் பின்னரே வெள்ளீயத் துண்டைச் சூடேறிய பாத்திரத்தின்மீது தேய்க்கிறார். பாத்திரத்தின் சூட்டினாலேயே ஈயம் உருகுகின்றது. பஞ்சினால் துடைக்கத் துடைக்க அது மெல்லிய படலமாகப் பரவிப் படிகின்றது. பாத்திரம் போதிய சூடு பெறாவிடில், ஈயம் குண்டு குண்டாகத் திரண்டு உருளுமேயன்றிப் பற்றாது. மின்கம்பிகளை இணைப்பதற்கும் விதி இஃதே. உருக்க வேண்டியது பற்றாசு. ஆனால் சூடேற்ற வேண்டியது கம்பி. இதனை மறந்து செய்யப்படும் ஒட்டுகளே பெரும்பாலும் பின்னர்த் தொல்லை தருகின்றன.

பற்றாசு ஒரு பசையன்று. உருகிய பற்றாசிலுள்ள வெள்ளீயம் செம்பின் மேற்பரப்பைச் சிறிதளவு கரைத்து, அதனுடன் சேர்ந்து, இரண்டிற்கும் இடையே செம்பும் வெள்ளீயமும் கலந்த மிக மெல்லிய சேர்மப் படலமொன்றை உண்டாக்குகின்றது. இப்படலம் உண்டானால்தான் ஒட்டு உறுதியானது. அது உண்டாவதற்குச் செம்பு தூய்மையாகவும், பற்றாசு உருகும் நிலைக்கு மேற்பட்ட சூட்டிலும் இருத்தல் வேண்டும். காற்றில் கிடக்கும் செம்பின்மீது ஆக்ஸைடு படிந்துவிடும். சூடேற்றும்போது அது இன்னும் விரைவாகப் படியும். இதனை நீக்குவதற்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தைப் பயன்படுத்துகின்றனர். மின்கம்பிக்கு அது ஆகாது. பாத்திரத்தைக் கழுவிவிடலாம், பல இழைகளை முறுக்கிய கம்பியினுள் புகுந்த நவச்சாரத்தையோ துத்தநாகக் குளோரைடையோ முற்றிலும் கழுவி வெளியேற்ற இயலாது. அது ஈரத்தை ஈர்த்து, நாளடைவில் செம்பை அரித்துவிடும். ஆதலின் மின் வேலைக்கு ரோசின் என்னும் பிசினையே இளக்கியாகக் கொள்ளல் வேண்டும். இமயமலைச் சரிவுகளில் வளரும் பைன் மரங்களின் பாலைக் காய்ச்சி வடிக்குங்கால், டர்ப்பென்டைன் ஆவியாகப் பிரிந்த பின் எஞ்சுவது இதுவே. குளிர்ந்த நிலையில் தீங்கற்ற இப்பிசின், சூடேறியதும் ஆக்ஸைடைக் கரைத்து நீக்குகின்றது. கடைகளில் கிடைக்கும் பற்றாசுக் கம்பியின் நடுவில் இது அடைக்கப்பட்டிருக்கும்.

பற்றாசில் வெள்ளீயமும் காரீயமும் எவ்வளவு என்பதையும் பார்த்து வாங்குதல் நன்று. தனி வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலும், தனிக் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். இவற்றை எடையில் 63-க்கு 37 என்னும் விகிதத்தில் கலந்தாலோ, இரண்டினும் தாழ்ந்த 183 டிகிரியிலேயே உருகும். ஆறும்போதும் அதே நிலையில் உடனே இறுகிவிடும். 60-க்கு 40 என்னும் கலவையும் ஏறக்குறைய இவ்வாறே. வெள்ளீயம் விலை மிகுந்ததாகலின், 40 பங்கு வெள்ளீயமும் 60 பங்கு காரீயமும் கொண்ட மலிவான சரக்கும் விற்பனைக்கு வருகின்றது. அது 230 டிகிரிக்கும் மேற்பட்டே முழுதும் உருகும். அந்நிலையிலிருந்து 183 டிகிரிக்கு இறங்கும் வரை கூழ் போன்று கிடக்கும். அதற்குள் கை சிறிது அசைந்தாலும் ஒட்டினுள் வெடிப்பு விழும். காரீயம் சேராத பற்றாசுகளும் இப்பொழுது கிடைக்கின்றன. அவை 217 முதல் 227 டிகிரி வரையில் உருகத் தொடங்குமாதலால் சூடு சற்று மிகுதியாக வேண்டும்.

சரியாகப் பற்றாத ஒட்டினால் என்ன கேடு என்று மாணாக்கர் கேட்கக்கூடும். கணக்கிட்டே காட்டலாம். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 10 ஆம்பியர் செல்லும் கம்பியில், ஓர் ஒட்டின் தடை 0.1 ஓம் மட்டுமே எனக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க, அவ்வொட்டில் 10 வாட் வெப்பம் பிறக்கின்றது. பற்றாசுக் கோல் ஒன்றின் திறன் 25 வாட்தான். அதன் முனையோ பல நூறு டிகிரி சூடேறுகின்றது. விரல் நுனியளவுள்ள ஒட்டில், காப்புறைக்குள் மூடப்பட்டு, 10 வாட் வெப்பம் இடைவிடாது பிறந்தால் முதலில் உறை இளகும், பின்னர்க் கருகும், அருகில் வைக்கோலோ கூரையோ இருப்பின் தீயும் பற்றலாம். மண்ணின் ஈரத்தையோ வெப்பத்தையோ அளக்கும் கருவிகளின் கம்பிகளில் மின்னோட்டம் மிகச் சிறிதாகையால் தீ அபாயம் இல்லை. ஆனால் அங்கே கேடு வேறு வகையானது. ஒட்டின் தடை காலையில் ஒருவாறும் நண்பகலில் ஒருவாறும் மாற, கருவி பொய் அளவு காட்டும். களப்பணியாளர் அதனை உண்மையென்று ஏட்டில் பதிந்துகொண்டேயிருப்பார். தீயினும் இது கண்டுபிடிக்க அரிய கேடு.

இனி வேலை முறை. மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே கம்பியைத் தொடுதல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஒட்டினை மூடுதற்குரிய, சூட்டினால் சுருங்கும் உறைக்குழலை முதலிலேயே ஒரு கம்பியில் கோத்துத் தொலைவில் தள்ளி வைத்துக்கொள்க. ஒட்டு முடிந்த பின்னர் அதனை நுழைக்க வழியில்லை. கம்பி முனைகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்திற்கு உறையை நீக்குக. நீக்குங்கால் இழைகள் வெட்டுண்ணலாகாது. செம்பு கறுத்திருப்பின், பளபளப்பு வரும்வரை மெல்லிய உப்புத்தாளினால் தேய்த்தல் வேண்டும்.

அடுத்து, பற்றாசின் உதவியின்றியே இழுவையைத் தாங்குமாறு இரு கம்பிகளையும் முறுக்கிக்கொள்ளல் வேண்டும். பற்றாசு மென்மையான உலோகம். பாரத்தை அதன்மீது சுமத்தினால் நாளடைவில் நெகிழ்ந்துவிடும். அமெரிக்கத் தந்திக் கம்பியாளர் 19-ஆம் நூற்றாண்டில் கையாண்டு, வெஸ்டர்ன் யூனியன் கும்பெனியின் பெயரால் வழங்கலாயிற்று ஒரு பின்னல். அதில் இரு முனைகளையும் குறுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் உடலின்மீது நெருக்கமாகச் சுற்றுவர். இழுக்க இழுக்க அது இறுகும். ஒற்றை இழைக் கம்பிகளுக்கு இதனினும் எளிதும் உறுதியுமான பின்னல் வேறில்லை எனலாம்.

மெல்லிய கம்பிகளுக்கு 25 வாட் கோல் போதும். தடித்தவற்றிற்கு 60 வாட் வேண்டும். சிறு கோலைக்கொண்டு பெருங்கம்பியை நெடுநேரம் சூடேற்றினால், ஒட்டு ஏறுவதற்கு முன் உறை உருகிவிடும். முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, அதன்மீது சிறிது பற்றாசைப் பூசிக்கொள்க. இரும்புப் பூச்சுள்ள இக்கால முனைகளை அரத்தால் தேய்த்தல் கூடாது. முனையைப் பின்னலின் அடிப்புறத்தில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, பற்றாசுக் கம்பியைப் பின்னலின் மேற்புறத்தில் தொடுக. கோலில் தொடலாகாது. கம்பி உரிய சூட்டை அடைந்ததும் பற்றாசு தானே உருகி, இழைகளின் இடைவெளிகளில் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் ஓடும். போதிய அளவு ஓடியதும் முதலில் பற்றாசையும், உடனே கோலையும் எடுத்துவிட வேண்டும். பின்னர் இறுகும்வரை அசைக்காதிருக்க வேண்டும். வாயால் ஊதி ஆற்றுவது பலருக்குப் பழக்கம். அதனைக் கைவிடுதல் நலம்.

நல்ல ஒட்டில், பற்றாசின் அடியில் ஒவ்வொர் இழையின் வடிவும் தெரியும். ஓரங்கள் மெலிந்து செம்போடு செம்பாக முடியும். பற்றாதது, தாமரையிலை நீர் போல் உருண்டு, ஓரத்தில் தூக்கி நிற்கும். ரேடியோ பழுது பார்ப்போர் 'டிரை சால்டர்' என்று குறிப்பிடும் குறை இவ்வகையினதே. பளபளப்பை மட்டும் கொண்டு மதிப்பிட வேண்டா. காரீயம் சேராத பற்றாசு நன்கு பற்றினாலும் சற்று மங்கியே தோன்றும்.

ஒட்டின் தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் காண முயல்வது வீண். அதன் சொந்தக் கம்பிகளின் தடையே மிகுதி. மின்னோட்டத்தைச் செலுத்தி, ஒட்டின் இரு புறத்திற்கும் இடையே உள்ள மில்லிவோல்ட்டை அளப்பதே தக்க வழி. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். 5 ஆம்பியர் செல்கையில், 5 சென்டிமீட்டர் நீளத்தில் 3 மில்லிவோல்ட் குறையும். அதே நீளமுள்ள ஒட்டில் இதனினும் பன்மடங்கு காணப்படுமாயின், அதனை வெட்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். வகுப்பில் ஒரு நல்ல ஒட்டையும், வேண்டுமென்றே சூடு குறைத்துச் செய்த ஒன்றையும் இம்முறையில் அளந்து காட்டலாம்.

பற்றாசு எங்கும் உகந்ததன்று. திருகு வைத்து இறுக்கும் இடங்களில், பல இழைக் கம்பியின் முனையைப் பற்றாசு தோய்த்துப் பொருத்துவது பரவலான வழக்கம், இது தவறு. திருகின் அழுத்தத்தில் பற்றாசு மெல்ல நசுங்கி வழிய, பிடிப்புத் தளர்ந்து முனை சூடேறும். அங்கே அழுத்திப் பொருத்தும் லக் உகந்தது. ஓயாது அதிரும் மோட்டார்களின் அருகிலும் அதுவே தகும். பற்றாசு ஊறி விறைத்த இடத்தின் விளிம்பில் கம்பி மடிந்து மடிந்து முறியும். அலுமினியக் கம்பியின் ஆக்ஸைடை ரோசின் நீக்காதாகையால், அதன்மீது இப்பற்றாசு பற்றாது.

வேலையின்போது எழும் புகை ரோசினுடையது. அதனைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு ஆஸ்துமா உண்டாவதுண்டு. ஆகவே சன்னலருகே அமர்ந்து, முகத்தைப் புகைக்கு நேராக வையாது வேலை செய்தல் வேண்டும். காரீயம் இச்சூட்டில் ஆவியாகிப் பரவுவது மிகச் சொற்பம். அது உடலிற் புகுவது பெரும்பாலும் கைவழியே. மாணாக்கர் பற்றாசைத் தொட்ட கையால் தின்பண்டம் எடுக்குமுன் சவுக்காரமிட்டுக் கழுவச் செய்க. பற்றாசுக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்க ஒருபோதும் விடலாகாது. சிந்திய துண்டுகளைத் தனி டப்பாவில் சேர்த்து மூடி வைக்கலாம்.