தூதரகத்தின் நினைவு

தூதரகப் பணியில் இருப்பவர் ஓரிடத்தில் நெடுங்காலம் தங்குவதில்லை. அமெரிக்க வெளியுறவுப் பணியாளர்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாறுவர். மொழி பழகி, மனிதரை அறிந்து, எந்த அலுவலகத்தில் எச்செயல் எவ்வாறு நிறைவேறும் என்பதை உணர்ந்துகொள்ளும் வேளையில் மாறுதல் ஆணை வந்துவிடும். அவர் விட்டுச்செல்லும் கோப்புகளில் முடிவுகள் இருக்கும். அம்முடிவுகளை அடைந்த வழி இராது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குவார்.

இவ்விழப்பைக் குறைக்கவே 2006ஆம் ஆண்டில் அமெரிக்க வெளியுறவுத்துறை 'டிப்ளோபீடியா' என்னும் உள்ளக விக்கியைத் தொடங்கியது. பயன்படுத்துவோர் தாமே எழுதவும் திருத்தவும் இடந்தரும் வலைப்பக்கத் தொகுப்பே விக்கி. 1995இல் இம்முறையை உருவாக்கிய வார்டு கன்னிங்காம், ஹொனலுலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து இச்சொல்லை எடுத்துக்கொண்டார். ஹவாய் மொழியில் அதற்கு 'விரைவு' என்பது பொருள்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளே டிப்ளோபீடியாவையும் இயக்குகிறது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. இங்குப் பெயர் மறைத்து எழுத இயலாது. மறைபொருளாக வகைப்படுத்தப்பட்ட செய்திகளுக்கும் இதில் இடமில்லை.

இதன் புதுமையை உணரத் தூதரகத் தந்தியோடு ஒப்பிட வேண்டும். தந்தியை இளநிலை அலுவலர் வரைவார். மேலோர் பலர் பார்த்து ஒப்புவர். இறுதியில் எழுதியவர் யாராயினும் தூதரின் பெயரே அடியில் நிற்கும். விக்கியிலோ எழுதியவர் பெயரே நிற்கும். மூத்தவர் எழுதியதைப் பணியில் புதிதாய்ச் சேர்ந்தவரும் திருத்தலாம். படிநிலை ஊறிப்போன ஒரு துறைக்கு இஃது எளிதில் செரிக்கக்கூடிய மாற்றமன்று.

பகிர்வை வலியுறுத்தியதற்குக் காரணமும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணையம், அரசின் பிரிவுகள் தாம் அறிந்ததைத் தமக்குள் பகிராமையைப் பெருங்குறையாக 2004இல் சுட்டிக்காட்டியது. ஆனால், பகிர்வு பெருகப் பெருக அச்சமும் பெருகியது. 2010இல் 2,50,000க்கும் மேற்பட்ட தூதரகத் தந்திகள் விக்கிலீக்ஸின் கைக்குச் சென்று வெளிவரத் தொடங்கின. பெயரைக் கொண்டு இதனை டிப்ளோபீடியாவுடன் இணைத்தெண்ணல் தவறு. கசிந்தவை படைத்துறை வலையமைப்பின் வழியே எடுக்கப்பட்டவை. உடனே வெளியுறவுத்துறை அவ்வலையமைப்பிலிருந்து தன் தந்தித் தொகுப்பைத் துண்டித்தது. உரிய தேவையோடு அதனைப் படித்துவந்த பிற துறையினருக்கும் அன்றே அவ்வாயில் அடைபட்டது.