நீரிழிவுத் தடுப்பில் அளவு நாடாவின் பங்கு

இந்தியாவில் நீரிழிவு நோய் உடைய வயது வந்தோர் 10.1 கோடிப் பேர். இரத்தச் சர்க்கரை இயல்பான அளவைக் கடந்தும், நோய் எனக் கூறும் அளவை இன்னும் எட்டாதோர் மேலும் 13.6 கோடிப் பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை மாநிலந்தோறும் கட்டம் கட்டமாக நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியானபோது இம்மதிப்பீடு தெரியவந்தது. உழைத்துப் பொருளீட்டும் பருவத்திலேயே பலரைப் பற்றும் இந்நோய், கவனியாது விடப்பட்டால் கண், சிறுநீரகம், இதயம், கால் ஆகியவற்றைக் கெடுக்கிறது. குடும்பத்தின் வருவாயைக் குறைத்து, செலவைப் பெருக்குகிறது. ஆகவே, நோய் வருமுன் எவரை எச்சரிப்பது என்ற வினா மருத்துவருக்கு மட்டும் உரியதன்று; திட்டமிடுவோருக்கும் உரியது.

இவ்வினாவிற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை ‘எடை மிகுந்தவர்களை’ என்பதாகும். இந்திய மக்களைப் பொறுத்தவரை இவ்விடை போதுமானதன்று. உடலில் எவ்வளவு கொழுப்பு உள்ளது என்பதோடு, அது எங்கே தங்கியுள்ளது என்பதையும் அறிவது இன்றியமையாதது.

எடைக் குறியீடும் அதன் எல்லையும்

ஒருவரின் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணே உடல் எடைக் குறியீடு எனப்படுகிறது. பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் கெத்தலே 19ஆம் நூற்றாண்டில் இக்கணக்கை வகுத்தார். மனித உடலின் சராசரி அளவுகளை அறிவதே அவர் நோக்கம், நோயைக் கணிப்பதன்று. அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் 1972ஆம் ஆண்டில் இதற்கு இன்றைய பெயரை வழங்கிய பின்னர் இது உலகெங்கும் பரவியது.

இக்குறியீடு கணக்கிட எளியது. ஆயினும் தசையையும் கொழுப்பையும் அது வேறுபடுத்துவதில்லை. கொழுப்பு தொடையில் உள்ளதா, வயிற்றில் உள்ளதா என்பதையும் அது கூறாது. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதைக் கருதி, உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில் வழக்கமான 25, 30 என்ற எல்லைகளோடு 23, 27.5 என்ற எண்களையும் நடவடிக்கைக்குரிய எல்லைகளாகச் சேர்த்தது. எல்லை தாழ்த்தப்பட்டாலும் கருவியின் அடிப்படைக் குறை நீங்கவில்லை.

கொழுப்பு தங்கும் இடம்

பிரான்சு நாட்டின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947ஆம் ஆண்டிலேயே இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். உடலின் மேற்பகுதியில் கொழுப்பு மிகுந்தோருக்கு நீரிழிவு முதலிய நோய்கள் வருவது அதிகம் என்றும், தொடையிலும் பிட்டத்திலும் கொழுப்பு மிகுந்தோருக்கு அவ்வாறில்லை என்றும் அவர் கண்டார்.

இதன் காரணம் ஓரளவு விளங்கியுள்ளது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு, குறிப்பாகத் தொடைப் பகுதியிலுள்ளது, நல்ல சேமிப்புக் கிடங்கைப் போன்றது. மிஞ்சிய ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு, தேவையானபோது மெதுவாக வெளியிடுகிறது. இக்கிடங்கு கொள்ளாதபோது கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் கணையத்திலும் தசையிலும் படிகிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலை அடையும் இரத்தக் குழாயில் சேர்கின்றன. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்குச் சரிவர இணங்காமல், தேவைக்கு மேல் சர்க்கரையை வெளியிடுகிறது. இதனை ஈடுசெய்யக் கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அது சோர்வுறும் நிலையில் நீரிழிவு வெளிப்படுகிறது.

மெலிந்த உடல், மிகுந்த கொழுப்பு

புணே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் ஆங்கிலேய மருத்துவர் ஜான் யுட்கினும் தங்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு 2004ஆம் ஆண்டில் ஒரு குறிப்பு வெளியிட்டனர். இருவருக்கும் எடைக் குறியீடு 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம்.

இவ்வேறுபாடு பிறக்கும்போதே தொடங்குகிறது. புணே அருகேயுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோகிராம். இந்தியக் குழந்தைகளிடம் தசை பெரிதும் குறைந்திருந்த போதிலும், கொழுப்பு அந்த அளவிற்குக் குறையவில்லை என்பது 2003ஆம் ஆண்டில் வெளியான ஒப்பீட்டில் தெரியவந்தது. கருவிலே ஊட்டம் குன்றிய உடல், பின்னாளில் உணவு மிகுந்து உழைப்பு குறையும்போது எளிதில் நீரிழிவுக்கு ஆளாகிறது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வும் இதனை வலியுறுத்துகிறது. 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 24 சதவீதத்தினரும், ஆண்களில் 23 சதவீதத்தினரும் எடைக் குறியீட்டின்படி மிகை எடையினர். இடுப்புச் சுற்றளவைப் பிட்டச் சுற்றளவால் வகுத்துப் பார்த்தபோதோ, பெண்களில் 57 சதவீதத்தினரும் ஆண்களில் 48 சதவீதத்தினரும் இடர் எல்லையைக் கடந்திருந்தனர். எடை இயந்திரத்தை மட்டும் நம்பினால் பெருந்தொகையினர் கணக்கில் வாராமற் போவர் என்பது இதனால் புலனாகும்.

அளக்கும் முறை

உடலின் உட்கொழுப்பைத் துல்லியமாகக் காண விலையுயர்ந்த படக் கருவிகள் தேவை. பொதுமக்களிடையே முதற்கட்டமாகக் கண்டறிவதற்குத் தையற்காரரின் அளவு நாடாவே போதும். கடைசி விலா எலும்பின் அடிப்பக்கத்திற்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிற்கும் நடுவில், இயல்பாக மூச்சு விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் சுற்றி அளத்தல் வேண்டும். வேட்டியோ பெல்ட்டோ கட்டும் இடத்தில் அளப்பது தவறு. தொந்தி உடையோர் அதனை வயிற்றுக்குக் கீழே கட்டுவதால் அளவு குறைவாகத் தோன்றும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இந்தியருக்கு உரிய எல்லைகள்.

நாடா நோயை உறுதி செய்வதில்லை; எவருக்கு இரத்தச் சோதனை முதலில் தேவை என்பதையே அது காட்டுகிறது. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருப்பதைச் சோதனையால் கண்டே நோய் உறுதி செய்யப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

45 வயதுள்ள இரு ஆண் ஊழியர்களைக் கொள்வோம். இருவரின் உயரமும் 165 சென்டிமீட்டர். எடையும் 60 கிலோகிராம். எடைக் குறியீடு இருவருக்கும் 22. முதலாமவரின் இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர், அவர் உட்கார்ந்தே பணிபுரிபவர், உடற்பயிற்சி இல்லை, தந்தைக்கு நீரிழிவு உண்டு. இரண்டாமவரின் சுற்றளவு 78 சென்டிமீட்டர். அவர் நாள்தோறும் பயிற்சி செய்பவர். பெற்றோருக்கு நோய் இல்லை.

சென்னையில் வகுக்கப்பட்டு 2005ஆம் ஆண்டில் வெளியான இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறையில் மொத்தம் 100 புள்ளிகள். 60ம் அதற்கு மேலும் பெறுவோர் மிகுந்த இடருக்கு உள்ளானோர். முதலாமவர் வயதுக்கு 20, இடுப்பளவுக்கு 10, உழைப்பின்மைக்கு 30, பரம்பரைக்கு 10 என 70 புள்ளிகள் பெறுகிறார். இரண்டாமவர் வயதுக்கு 20, பயிற்சி இருந்தும் உடலுழைப்பில்லாப் பணிக்கு 20 என 40 புள்ளிகளே பெறுகிறார்.

வயதையும் பரம்பரையையும் மாற்ற இயலாது. ஆனால் முதலாமவர் பயிற்சியை மேற்கொண்டு இடுப்பளவை 90 சென்டிமீட்டருக்குக் கீழே கொணர்ந்தால் அவர் புள்ளிகள் 50 ஆகக் குறையும். இது வெறும் கணக்கன்று. இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் நோயின் முன்னிலையில் இருந்த 531 பேர் பங்கு பெற்றனர். மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவிலும் நடைப்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டப் பெற்றோரில் 39.3 சதவீதத்தினரே ஆளாயினர். இம்முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளியாயின.

திட்டங்களில் கருதத்தக்கவை

தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தின்கீழ் 30 வயதும் அதற்கு மேலும் உடையோருக்குச் சோதனை நடைபெறுகிறது. ஆஷா பணியாளர் வீடு தோறும் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் இடுப்புச் சுற்றளவும் ஓர் இனமாகும். கருவியின் விலை சிறிது; எனினும் அதன் பயன், அளப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. கண்மதிப்பாக எழுதப்பட்ட அளவு, அளக்காததினும் தீங்கானது; இடர் உள்ளவரை அது நலமுடையவராகக் காட்டிவிடும். அளவு எல்லையைக் கடந்தவருக்கு இரத்தச் சோதனையும், பின்னர் தொடர்ந்த வழிகாட்டலும் கிடைத்தால்தான் படிவம் நிரப்பிய உழைப்பு பயன் தரும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மேற்குறித்த குடும்பநல ஆய்வின்படி பெண்களில் 19 சதவீதத்தினர் எடை குறைந்தோர். இவர்களது ஊட்டக் குறைவு, அடுத்த தலைமுறையின் நீரிழிவுக்கு வித்திடக்கூடியது. எனவே வளரிளம் பெண்களுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அளிக்கப்படும் சத்துணவை நீரிழிவுத் தடுப்புச் செலவாகவும் கருதலாம். பசிப்பிணி ஒரு துறையின் பொறுப்பு, மிகையுணவால் வரும் நோய் மற்றொரு துறையின் பொறுப்பு எனப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இந்திய நிலைமைக்குப் பொருந்துவதன்று. ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே உடலிலேயே, இவ்விரண்டும் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன.