ஹார்மோனை ஆக்கிய அறிஞர்

நம் உடலகத்துச் சுரப்பிகள் சில, தாம் சுரக்கும் பொருளை நேரே குருதியிற் கலக்கின்றன. மிகச் சிறிய அளவிலேயே பெருஞ்செயல் புரியும் அப்பொருள்களை ஹார்மோன் என்பர். அவற்றுள் ஒன்றாகிய ஆக்ஸிடோசினைச் சோதனைச்சாலையில் ஆக்கிக் காட்டிய வின்ஸென்ட் டூ வீன்யோ என்னும் அமெரிக்க அறிஞரைப் பற்றித் தமிழ் பயிலும் யாம் எழுதத் துணிந்தேம்.

ஆக்ஸிடோசின் மூளையில் உண்டாகி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியே குருதியை அடைவது. மகப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்கச் செய்வதும், தாய்ப்பாலைச் சுரந்து வெளிவரச் செய்வதும் அதன் தொழில்கள். சுரப்பிச் சாறு கருப்பையைச் சுருக்கும் என்பதை 1906-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல் கண்டார். விலங்குகளின் சுரப்பியினின்று எடுத்த சாற்றை மருத்துவர் கையாண்டனர். ஆயின் அச்சாற்றில், குருதியழுத்தத்தை உயர்த்தும் வாஸோபிரெஸின் என்னும் வேறொரு ஹார்மோனும் கலந்திருந்தது.

1901-இல் சிகாகோவிற் பிறந்த டூ வீன்யோ, இன்ஸுலினிலுள்ள கந்தகத்தை ஆராயத் தொடங்கி, அவ்வழியே ஆக்ஸிடோசினை அடைந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அதனைத் தூய்மை செய்து, பகுத்து, உறுப்புக்களை எண்ணினார். எட்டுவகை அமினோ அமிலங்கள் இருந்தன. ஸிஸ்டீன் மட்டும் இருமுறை வருதலின் உறுப்புக்கள் ஒன்பதாயின. இரண்டு ஸிஸ்டீன்களின் கந்தகமும் தம்முட் பிணைந்து ஆறு உறுப்புள்ள வளையமாக, எஞ்சிய மூன்றும் வால்போல் நிற்கும்.

உறுப்புக்களை எழுத்துக்களாகக் கொண்டால் ஹார்மோன் ஒரு சொல்லாகும். 'மரம்' என்பதில் ஓரெழுத்து மாறி 'மறம்' ஆயின் பொருள் முற்றும் வேறன்றோ? ஆக்ஸிடோசினுக்கும் வாஸோபிரெஸினுக்கும் இடையே வேற்றுமை இரண்டே எழுத்துக்கள்! மூன்றாம் இடமும் எட்டாம் இடமும் மாறின், கருப்பையைச் சுருக்குவது போய்ச் சிறுநீரைக் குறைப்பது தோன்றுகின்றது.

சிதைத்துக் கண்ட வரிசை மெய்யோ பொய்யோ என்பதற்கு, அவ்வரிசையிலேயே கட்டிப் பார்ப்பது சிறந்த சான்று. 1953-இல் டூ வீன்யோவும் உடனுழைத்தோரும் அங்ஙனம் கட்டினர். கட்டிய பொருள் இயற்கைப் பொருளைப் போலவே கருப்பையைச் சுருக்கிற்று. பாலையும் வெளிவரச் செய்தது. பாலிபெப்டைடு வகை ஹார்மோன்களுள் முதன்முதல் மனிதர் கையால் ஆக்கப்பட்டது இதுவே. 1955-இல் அவருக்கு இரசாயனத்திற்குரிய நோபெல் பரிசு கிடைத்தது.

மகப்பேற்றின்பின் நேரும் பெருங்குருதிப்போக்கு இன்றும் தாய்மார் பலரின் உயிரைக் கவர்கின்றது. அதனைத் தடுக்க முதற்கண் இடப்படும் மருந்து ஆக்ஸிடோசினே. எனினும் வெப்பத்தில் அது கெடும். குளிரிற் காக்கும் வசதியில்லாத ஊரில் அதன் ஆற்றல் குன்றும். ஆக்கியவர் தம் கடனை முடித்தார். கெடாமற் கொண்டுசேர்க்கும் கடன் நம்மனோரைச் சார்ந்தது என்பதை மறவாதிருப்போமாக.