ஆறு நிறம், ஒரு புதிர்

இந்தப் பொருளைப் பார்த்திருக்கிறீர்களா? கைக்குள் அடங்கும் ஒரு கட்டை. பகடையைப் போல ஆறு முகம் கொண்டது. ஒவ்வொரு முகத்திலும் 9 கட்டங்கள். ஆறு முகங்களுக்கும் ஆறு நிறங்கள். பொம்மைக் கடையில் விற்பார்கள். பிள்ளைகள் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். இதன் பெயர் ரூபிக் கியூப். சுருக்கமாகக் கியூப் என்று சொல்வோம்.

இரண்டு மூன்று முறை திருப்பினால் போதும். நிறங்கள் கலைந்துவிடும். மறுபடியும் ஒவ்வொரு முகத்தையும் ஒரே நிறமாக்க வேண்டும். அதுதான் புதிர்.

பலர் முயன்று பார்ப்பார்கள். எப்படியோ ஒரு முகம் சேரும். அடுத்த முகத்தைச் சேர்க்கப் போனால், முதலில் சேர்த்தது கலைந்துவிடும். "இது மூளை உள்ளவர்கள் செய்கிற வேலை. நமக்கு வராது" என்று கீழே வைத்துவிடுவார்கள்.

அது உண்மையா? வாருங்கள், பார்ப்போம்.

செய்தவருக்கே ஒரு மாதம்

ஐரோப்பாவில் ஹங்கேரி என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் புடாபெஸ்ட். அங்கே எர்னோ ரூபிக் என்பவர் வாழ்ந்தார். அவர் கட்டடக் கலை படித்தவர். ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்.

அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. பல சிறு கட்டைகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டை செய்ய வேண்டும். சிறு கட்டைகள் இடம் மாற வேண்டும். ஆனால், பெரிய கட்டை உதிரக் கூடாது. இது முடியுமா?

ரப்பர் நாடாவால் கட்டிப் பார்த்தார். அது சரிவரவில்லை. பிறகு கட்டைகளே ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்படி செதுக்கினார். 1974-இல் மரத்தால் ஆன முதல் கியூப் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 29.

முகங்களுக்கு நிறம் கொடுத்தார். திருப்பிப் பார்த்தார். நிறங்கள் அழகாகக் கலைந்தன. ஆனால், மறுபடி சேர்க்க அவருக்குத் தெரியவில்லை! செய்தவர் அவர்தான். வழி அவருக்கே தெரியவில்லை. தேடித் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

1977-இல் புடாபெஸ்ட் கடைகளில் கியூப் விற்பனைக்கு வந்தது. 1980-இல் மற்ற நாடுகளுக்கும் போனது. இன்று உலகம் முழுவதும் கோடிக் கணக்கில் விற்றிருக்கிறது.

குருட்டாம்போக்கில் சேருமா?

"திருப்பிக்கொண்டே இருந்தால் ஒருநாள் தானே சேர்ந்துவிடும்" என்று சிலர் நினைப்பார்கள். சேராது. ஏன்?

இந்தக் கியூப் எத்தனை விதமாகக் கலையும் தெரியுமா? அந்த எண்ணை எழுத 20 இலக்கங்கள் வேண்டும். வினாடிக்கு ஒரு விதம் என்று பார்த்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒரு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆனால், இன்னொரு செய்தியும் உண்டு. 2010-இல் அறிஞர்கள் சிலர் கணினியை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கியூப் எப்படிக் கலைந்திருந்தாலும் 20 திருப்பங்களுக்குள் சேர்க்க வழி உண்டு என்று நிறுவினார்கள்.

அந்த 20 திருப்பங்களை மனிதர் உடனே கண்டுபிடிப்பது மிகக் கடினம். நமக்கு அது தேவையும் இல்லை. நமக்குத் தேவை ஒரு முறை. நூல் சிக்கினால் நாம் என்ன செய்கிறோம்? எல்லாப் பக்கமும் இழுப்பதில்லை. ஒரு நுனியைத் தேடிப் பிடிக்கிறோம். இங்கும் அப்படித்தான்.

மூன்று வகைத் துண்டுகள்

கியூபை நன்றாகப் பாருங்கள். அதில் மூன்று வகைத் துண்டுகள் உள்ளன.

நடுத்துண்டு: ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் இருப்பது. மொத்தம் 6. ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம்.

ஓரத்துண்டு: இரண்டு முகங்கள் சேரும் இடத்தில் இருப்பது. மொத்தம் 12. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறம்.

மூலைத்துண்டு: மூலையில் இருப்பது. மொத்தம் 8. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம்.

நடுத்துண்டு இருந்த இடத்திலேயே சுழலும். வேறு முகத்துக்குப் போகாது. பெரும்பாலான கியூபில் வெள்ளைக்கு எதிரே மஞ்சள் இருக்கும். நீலத்துக்கு எதிரே பச்சை. சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு.

இதுதான் நாம் தேடிய நுனி. நடுத்துண்டு எந்த நிறமோ, அதுதான் அந்த முகத்தின் நிறம்.

முகம் முகமாகச் சேர்க்கப் போனால்தான் சிக்கல். அடுக்கு அடுக்காகச் சேர்க்க வேண்டும். கீழ் அடுக்கு, நடு அடுக்கு, மேல் அடுக்கு. வீடு கட்டுவது போல, கீழே இருந்து மேலே போக வேண்டும்.

முதல் படி: வெள்ளைக் கூட்டல் குறி

1. மஞ்சள் நடுத்துண்டு மேலே இருக்கும்படி பிடியுங்கள்.

2. வெள்ளை நிறம் உள்ள நான்கு ஓரத்துண்டுகளைத் தேடுங்கள். மஞ்சளைச் சுற்றி, வெள்ளை மேலே தெரியும்படி கொண்டுவாருங்கள். நடுவில் மஞ்சள், சுற்றிலும் நான்கு வெள்ளை இதழ். ஒரு பூப் போலத் தெரியும்.

3. ஒரு வெள்ளை இதழின் பக்கவாட்டு நிறத்தைப் பாருங்கள். அதே நிற நடுத்துண்டுக்கு நேராக வரும்வரை மேல் அடுக்கைத் திருப்புங்கள்.

4. இப்போது அந்தப் பக்கத்தை இரண்டு முறை திருப்புங்கள். வெள்ளை கீழே போய்விடும்.

5. மற்ற மூன்று இதழ்களுக்கும் இப்படியே செய்யுங்கள். கியூபைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வெள்ளைக் கூட்டல் குறி இருக்கும்.

இதற்கு மனப்பாடம் எதுவும் வேண்டாம். கவனம் போதும். ஒரு நாளில் வராவிட்டால் இரண்டு நாளில் வரும்.

இரண்டாம் படி: நான்கு திருப்பம்

வெள்ளைக் கூட்டல் குறி கீழே இருக்கட்டும். இப்போது ஒரு சிறு வாய்பாட்டைக் கற்றுக்கொள்வோம். ஒவ்வொன்றும் கால் சுற்று மட்டுமே.

வலது அடுக்கு மேலே.
மேல் அடுக்கு இடப்பக்கம்.
வலது அடுக்கு கீழே.
மேல் அடுக்கு வலப்பக்கம்.

வாயால் சொல்லிக்கொண்டே திருப்புங்கள். "வலது மேலே, மேல் இடது, வலது கீழே, மேல் வலது."

வெள்ளை நிறம் உள்ள ஒரு மூலைத்துண்டை மேல் அடுக்கில் தேடுங்கள். அதன் மற்ற இரண்டு நிறங்கள் என்ன என்று பாருங்கள். அந்த இரு நிறப் பக்கங்களும் சேரும் மூலைக்கு மேலே அதைக் கொண்டுவாருங்கள். அந்த மூலை உங்கள் முன்னால், வலது கைப் பக்கம் இருக்க வேண்டும்.

இப்போது நான்கு திருப்பத்தைச் செய்யுங்கள். துண்டு கீழே போய் வெள்ளை அடியில் அமர்ந்ததா? இல்லாவிட்டால் மறுபடியும் நான்கு திருப்பம். அமரும்வரை செய்யுங்கள். பிறகு அடுத்த மூலை. நான்கு மூலைகளும் அமர்ந்தால் கீழ் அடுக்கு முடிந்தது.

வெள்ளை மூலைத்துண்டு கீழ் அடுக்கிலேயே தவறாகச் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? அந்த மூலையை முன்னால் வலப்பக்கம் வையுங்கள். நான்கு திருப்பத்தை ஒரு முறை செய்யுங்கள். துண்டு மேலே வந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான்கு திருப்பத்தைச் செய்யும்போது கூட்டல் குறி கலையும். பயப்பட வேண்டாம். நான்கும் முடிவதற்குள் அது பழைய இடத்துக்கு வந்துவிடும். பாதியில் பயந்து நிறுத்தினால்தான் கெட்டுப்போகும்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். முழுவதும் சேர்ந்த கியூபை எடுங்கள். நான்கு திருப்பத்தை ஒரு முறை செய்யுங்கள். கலைந்துவிடும். விடாமல் ஆறு முறை செய்யுங்கள். மொத்தம் 24 திருப்பங்கள். கியூப் மறுபடியும் சேர்ந்துவிடும்!

நடு அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் இப்படியே இன்னும் சில வாய்பாடுகள் உண்டு. தெரிந்தவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகலாம். கற்கத் தொடங்கும்போது ஒரு கியூபைச் சேர்க்க 100 திருப்பங்களுக்கு மேலும் ஆகலாம். ஆனாலும் சேரும்.

ஓர் எச்சரிக்கை: கியூபைப் பிரித்துத் துண்டுகளை மனம்போன போக்கில் மாட்டாதீர்கள். அப்படி மாட்டினால் 12-இல் ஒரு வாய்ப்புதான் அது சேரக்கூடியதாக இருக்கும். மற்றபடி எந்த வாய்பாட்டாலும் சேராது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

1982 ஜூன் மாதம் புடாபெஸ்டில் முதல் உலகப் போட்டி நடந்தது. 19 நாடுகளின் போட்டியாளர்கள் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மின் தாய் என்ற இளைஞர் வென்றார். அவருக்கு ஆன நேரம் 22.95 வினாடி.

பிறகு நேரம் குறைந்துகொண்டே வந்தது. கை வேகமானது மட்டுமா காரணம்? இல்லை. முறையும் வளர்ந்தது. செக் நாட்டில் பிறந்த ஜெசிகா ஃப்ரிட்ரிச் என்ற பெண்மணி அதில் பெரும் பங்கு கொண்டவர். அவர் முறையில் மேல் அடுக்குக்கு மட்டும் 78 வாய்பாடுகள் உண்டு. வேகமாகச் சேர்ப்பவர்கள் அவற்றை விரலிலேயே வைத்திருப்பார்கள்.

நாம் படிக்கக் கற்றதை நினைத்துப் பாருங்கள். முதலில் ம, ர, ம் என்று எழுத்துக் கூட்டினோம். இப்போது பார்த்தவுடன் "மரம்" என்று படிக்கிறோம். கியூபும் அதுபோலத்தான். புதியவர் ஒவ்வொரு துண்டாகப் பார்க்கிறார். பழகியவர் பல துண்டுகளைச் சேர்த்து ஒரு சொல்லைப் போலப் பார்க்கிறார்.

இன்னொன்றும் உண்டு. கை ஒரு துண்டை அமர்த்தும்போதே, கண் அடுத்த துண்டைத் தேட வேண்டும். அவசரமாகத் திருப்பி நடுவில் நின்று யோசித்தால் நேரம் போய்விடும். மெதுவாக, ஆனால் நிற்காமல் திருப்பினால் நேரம் குறையும்.

போட்டியில் முதலில் 15 வினாடி பார்க்க விடுவார்கள். பிறகுதான் திருப்ப வேண்டும். ஐந்து முறை சேர்க்க வேண்டும். மிக நல்ல நேரத்தையும் மிக மோசமான நேரத்தையும் தள்ளிவிடுவார்கள். மீதி மூன்றுக்குச் சராசரி பார்ப்பார்கள். ஆகவே, ஒரு முறை தவறினாலும் எல்லாம் போய்விடாது.

மேக்ஸ் பார்க்

மேக்ஸ் பார்க் அமெரிக்காவைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே அவருக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். பிறரோடு பேசிப் பழகுவது அவருக்குக் கடினம். விரல்களும் வசப்படவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதே பெரும்பாடு.

விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று பெற்றோர் கியூபைப் பழக்கினார்கள். அவருக்கு அது பிடித்துப்போனது. போட்டிகளுக்கும் அழைத்துப் போனார்கள். பிறரோடு பழகவும் அந்த இடங்கள் உதவின.

2017-இல் பாரிஸ் நகரில் அவர் உலகப் போட்டியில் வென்றார். 2023 ஜூன் மாதம் ஒரு கியூபை 3.13 வினாடியில் சேர்த்தார். அன்று அதுவே உலகச் சாதனை. பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் தவித்த அதே விரல்கள்!

நாம் 3 வினாடியில் சேர்க்க வேண்டியதில்லை. மூன்று நாள் ஆனாலும் சரி, மூன்று மாதம் ஆனாலும் சரி. கியூபைக் கண்டுபிடித்தவரே ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார். இனி, வீட்டில் பிள்ளைகள் கியூபைத் திருப்பினால் அருகில் உட்காருங்கள். வெள்ளைக் கூட்டல் குறியில் தொடங்குங்கள்.

சொல்லும் பொருளும்

அடுக்கு – ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள வரிசை
இலக்கம் – எண்ணில் உள்ள ஓர் எழுத்து
கால் சுற்று – முழுச் சுற்றில் நான்கில் ஒரு பங்கு
வாய்பாடு – மனத்தில் வைத்துக்கொள்ளும் முறை
ஆட்டிசம் – பேசுவதையும் பழகுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு

விடை சொல்லுங்கள்

1. கியூபைக் கண்டுபிடித்தவர் யார்? அவர் எந்த நாட்டவர்?
2. மூன்று வகைத் துண்டுகள் எவை? இடம் மாறாத துண்டு எது?
3. நான்கு திருப்பத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். பிறகு எழுதுங்கள்.
4. 22.95 வினாடிக்கும் 3.13 வினாடிக்கும் வித்தியாசம் எவ்வளவு?

கூடிப் பேசுங்கள்

"நமக்கு வராது" என்று நீங்கள் விட்டுவிட்ட வேலை எது? அதைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்க முடியுமா? முதல் படி எது?