உலக மேடையைக் குறிவைக்கும் இளம் ஆட்டக்காரருக்கு

‘மொபைல் லெஜென்ட்ஸ்: பேங் பேங்’ ஆட்டத்தின் உலகச் சாம்பியன்ஷிப்பை ரசிகர்கள் எம் 1, எம் 2 என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். ஷாங்காயின் மூன்டன் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்துக்கு முதல் உலகப் போட்டி 2019 நவம்பரில் கோலாலம்பூரில் நடந்தது. இந்தோனேசியாவின் இவோஸ் லெஜென்ட்ஸ், அதே நாட்டின் ஆர்ஆர்க்யூ ஹோஷியை 4–3 என வென்றது. அடுத்து எம் 2 முதல் எம் 6 வரை ஐந்து கோப்பைகளும் பிலிப்பைன்ஸ் அணிகளுக்கே போயின. விரல் வேகத்தை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. அந்த மேடைக்கு வருகிற எல்லோருக்கும் விரல் வேகம் உண்டு. இளம் ஆட்டக்காரர் முதலில் கற்க வேண்டியது வேறு.

ஐவருக்கு ஐவர், மூன்று லேன்கள், எதிரியின் தளத்தை உடைத்தால் வெற்றி. இவ்வளவுதான் விதி. ஆனால் ஆட்டத்தில் பாதி, ஹீரோக்கள் களத்தில் இறங்குமுன்பே டிராஃப்டில் முடிந்துவிடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஹீரோக்களில் எவற்றை யாரும் எடுக்க முடியாதபடி ‘பான்’ செய்வது, எதை முதலில் எடுப்பது, எதை எதிரிக்கு விட்டுக்கொடுத்து மாற்று வைத்திருப்பது என்று பயிற்சியாளரும் வீரர்களும் அங்கே கணக்குப் போடுகிறார்கள். ஒரே ஹீரோவில் மட்டும் கெட்டிக்காரரான வீரரை வீழ்த்த ஒரு பான் போதும். தரவரிசை ஆட்டத்தில் பிடித்த ஹீரோவையே எடுத்து நட்சத்திரம் சேர்ப்பவருக்கு இது புரிவதில்லை. ஒரு பொறுப்புக்கு நாலைந்து ஹீரோக்களையாவது நம்பி ஆடத் தெரிந்த பிறகே அணித் தேர்வுக்குப் போவது நல்லது.

அடுத்தது தோல்வியைப் படிப்பது. எம் 3, எம் 4 போட்டிகளின் நாக்அவுட் சுற்றில் ஒரு தொடரில் தோற்ற மேல்வரிசை அணி கீழ்வரிசைக்கு இறங்கியது. இரண்டாவது தோல்வியில்தான் வெளியேறியது. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த எம் 3-இல், பிலிப்பைன்ஸின் பிளாக்லிஸ்ட் இன்டர்நேஷனல் நாக்அவுட்டின் முதல் தொடரிலேயே வட அமெரிக்க அணியான பிடிகேயிடம் தோற்றது. கீழ்வரிசை வழியே ஏறி வந்து, இறுதியில் ஓனிக் பிஎச் அணியை 4–0 என வீழ்த்தியது. 2023 ஜனவரியில் ஜகார்த்தாவில் நடந்த எம் 4-இல் அதே பாடம் பிளாக்லிஸ்டுக்கே எதிராகத் திரும்பியது. மேல்வரிசை இறுதியில் அதனிடம் 2–3 என நூலிழையில் தோற்ற மற்றொரு பிலிப்பைன்ஸ் அணியான எக்கோ, இறுதிப் போட்டியில் அதே அணியை 4–0 என வென்றது. இடைப்பட்ட நேரத்தில் எவருக்கும் புதிய விரல்கள் முளைத்திருக்காது. தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திரும்பப் பார்க்கக் கூசுபவர் இந்தப் பாடத்தைக் கற்பதே இல்லை.

மூன்றாவது, அணிக்காக ஆடுவது. எம் 3 இறுதியின் சிறந்த வீரர் விருது பெற்றவர் பிளாக்லிஸ்டின் ஓமைவீனஸ். அதிகம் பேரை வீழ்த்தும் இடத்தில் ஆடியவர் அல்லர்; களத்தைச் சுற்றிவந்து கூட்டாளிகளுக்குத் துணைநிற்கும் ரோமர். எஸ்டெஸ் போன்ற குணப்படுத்தும் ஹீரோவைச் சுற்றி ஐவரும் ஒட்டியே நகரும் ‘யூபிஇ’ உத்தி அவருடைய அணிக்கே அடையாளமானது. ரோமர் பணிக்கு இளம் ஆட்டக்காரர்கள் யாரும் முந்துவதில்லை. எல்லோருக்கும் ஜங்லராக வேண்டும், எல்லோருக்கும் கில் வேண்டும். அணிக்கு ஆள் எடுப்பவர்களோ, எட்டாவது நிமிடத்தில் லார்ட் என்னும் பெரும் அரக்கன் வருமுன் புதரைச் சோதித்து, கூட்டாளிகளை அழைத்து, தேவைப்பட்டால் தானே சாகத் தயாராக இருப்பவரைத் தேடுகிறார்கள். வாய் திறந்து தகவல் சொல்லாத வீரர் எவ்வளவு திறமைசாலியானாலும் ஐவர் அணியில் பாரம்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். எம் 1-இன் மொத்தப் பரிசு 2,50,000 டாலர். 2024 டிசம்பரில் மீண்டும் கோலாலம்பூரில் நடந்து முடிந்த எம் 6-இல் அது 10 லட்சம் டாலர். இந்தத் தொகை பல அணிகளுக்குப் பிரிகிறது. ஆகவே படிப்பை நிறுத்திவிட்டு இதை நம்பி இறங்குவது அறிவீனம். எம்பிஎல் என்னும் நாட்டு லீக்குகளில் இடம் கிடைத்து, ஒப்பந்தம் கையில் வந்த பிறகு அந்த முடிவை வீட்டாரோடு பேசலாம். இந்திய இளைஞருக்கு இந்தப் பாதை இன்னும் குறுகலானது: 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்த 59 செயலிகளில் இந்த ஆட்டமும் இருந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ் இளைஞருக்கு அந்தத் தடை இல்லை.

ஆடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: எம் 4 மேல்வரிசை இறுதி, அடுத்து அதன் இறுதிப் போட்டி. பார்க்கும்போது டிராஃப்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.